விளக்கு வைக்காத புதன்கிழமை

மாநகராட்சி கொடுத்த கெடுவின் கடைசி நாளான அந்தப் பங்குனி மாதத்துப் புதன்கிழமை, குமரன் லேஅவுட்டில் எல்லா வீட்டுக்கும் முறைப்படி வந்து, முறைப்படி வெயிலடித்து, முறைப்படி இருட்டி, வியாழக்கிழமைக்கு வழியை விட்டுவிட்டுப் போனது. வசந்தாமணி வீடு கட்டிக்கொண்டிருந்த மனையில் மட்டும் போகாமல் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. திருஷ்டிக்குக் கட்டின பூசணிக்காய் பண்ணின வேலை என்றார்கள் சிலர், அஸ்திவாரக் கடக்காலில் போட்ட நவதானியத்தில் ஏதோ ஒன்று குறைந்துபோச்சு என்றார்கள் சிலர், அதெல்லாம் ஒன்றுமில்லை, அந்தப் பொம்பளையின் பிடிவாதம்தான் என்றார்கள் மிச்சப்பேர். எதுவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். நின்ற நாளை வைத்துக்கொண்டு ஒரு தெரு என்னவெல்லாம் பண்ணியது என்பதல்லவா விஷயம்.

வசந்தாமணி இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். புருஷன் ரிக் வண்டியில் போர் போட வடக்கே போனால் மாசக்கணக்கில் திரும்ப மாட்டார், போனில் "கட்டடம் எந்த மட்டத்துல நிக்குது?" என்று கேட்பதோடு அவர் பங்கு முடிந்தது. வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் மாவாட்டி, லைன் வீட்டில் மகளைப் பெற்று, லைன் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு அவளைக் கட்டிக்கொடுத்தவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். பேரனோ பேத்தியோ, அதுவாவது சொந்தக் கூரைக்கு அடியில் கண் முழிக்க வேண்டும். மகள் கவிப்பிரியா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்றைக்கே, கடக்கால் மட்டத்தில் நின்ற கட்டடத்துக்குள் இறங்கி, முன்ரூம் பிள்ளை பெற்றவளுக்கு, தொட்டில் கொக்கி இந்த இடத்துக்கு நேர்மேலே, என்று ஆகாசத்தைக் காட்டிச் சொல்லிவிட்டாள்.

ஆனால் வீடு கட்டுவதென்ன லேசுப்பட்ட காரியமா? அனுமதி கைக்கு வந்தபோது ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் கைவைக்கக் கூடாது என்றார்கள். ஆடி போனபோது மணல் இல்லை. மணல் வந்தபோது மழை. மழை விட்டபோது மார்கழி, மார்கழியில் எவனாவது நிலை வைப்பானா? மேஸ்திரி சின்னராசுவின் தங்கச்சி மகளுக்குச் சீர், கம்பி கட்டுகிறவருக்கு மஞ்சள் காமாலை, நல்ல நாள் பார்த்துச் சொல்கிற ஜோசியர் வீட்டிலேயே ஒரு துக்கம். இப்படி ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கித்தான் அந்த வீடு மேலே ஏறியது. மாநகராட்சிக்கு ஆடியும் கிடையாது மார்கழியும் கிடையாது. அதன் நாள் அது பாட்டுக்கு ஓடியது.

கெடு முடியப்போகிறது என்று தெரிந்ததும் வசந்தாமணி மண்டல அலுவலகத்துக்குப் போனாள். கட்டட ஆய்வாளர் லோகநாதன் சட்டைக் காலருக்குள் கைக்குட்டை வைத்திருக்கிற, யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனுஷர். ஆனால் இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியும்.

"ரோட்ட அகலப்படுத்தப் போறாங்கம்மா. இந்தக் கெடுவுக்குள்ள போட்ட கட்டடம் போட்டபடி நிக்கும். கெடு தாண்டுச்சுன்னா புது அனுமதி, புது ரூலு. முன்னால இன்னும் எடம் விடச் சொல்லுவாங்க. உங்க முன்ரூமு போயிரும்."

"அந்த முன்ரூமுக்காகத்தான் சார் ஊடே கட்டறது. நாளத் தெல்ல, கொஞ்சூண்டு, நீட்டிக் குடுங்க."

"என்ற கையில இல்லீங்க. கடைசி நாள் முடியற வரைக்கும் நீங்க கட்டலாம், ஆரும் கேக்க மாட்டோம். முடிஞ்சதுக்கப்பறம் ஒரு சட்டி கலவை போடக் கூடாது."

அந்தக் கடைசி நாளில்தான் கூரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு வேலையாட்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். வசந்தாமணி அண்டா நிறைய ஆக்கி வைத்திருந்தாள். மத்தியானம் கலவை மெஷின் படுத்துக்கொண்டது. அதைத் தட்டி, உதைத்து, டீசல் ஊற்றி எழுப்புவதற்குள் பொழுது மேற்கே சாய்ந்துவிட்டது. பின்னால் சமையல்கட்டுக்கு மேலே போட்டாயிற்று, நடுவீட்டுக்கு மேலே போட்டாயிற்று, முன்ரூமுக்கு மேலே மட்டும் கட்டின கம்பி வெறும் கம்பியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனையின் மூலையில் போட்டிருந்த தகரக் கொட்டாயின் வாசலில் கவிப்பிரியா ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். லைன் வீட்டுக்காரர் பச்சைக்குழந்தை வந்தால் மற்ற குடித்தனக்காரருக்குத் தூக்கம் கெடும் என்று சொல்லிவிட்டதால் அம்மாவும் மகளும் அந்தக் கொட்டாய்க்கே வந்திருந்தார்கள். "பொழுது போகுதும்மா. இங்க ஒரு வெளக்கு வெக்கட்டுமா?" என்று கேட்டாள். மேலேயிருந்த சின்னராசு அதைக் கேட்டுப் பதறிப்போய், "பால் காய்ச்சறதுக்கு முன்னாடி வெளக்கு வெக்கக் கூடாது கண்ணு, அப்பறம் ஊட்டுக்கு ஆகாது" என்று சத்தம் போட்டான். கவி தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

வசந்தாமணி மேற்கே பார்த்தாள். வேண்டிக்கொள்ளவெல்லாம் இல்லை, பஸ்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "சாமி, தெல்ல நில்லு. இந்த முன்ரூமு மட்டுந்தான்."

நின்றது.

ஆட்கள் கலவையைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தார்கள், சின்னராசு கொட்டி இழுத்தான், முன்ரூம் முடிந்தது, சாமானைக் கழுவினார்கள், கை கால் கழுவினார்கள், பந்தி போட்டுக் கறிச்சோறு தின்றார்கள், வெற்றிலை போட்டார்கள், பொழுது அதே இடத்தில் அதே மஞ்சள் வெயிலோடு இருந்தது. மதில் கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் கால் வைத்தால் கும்மிருட்டு, கொசு, பக்கத்து வீடுகளில் சீரியல் ஓடுகிற சத்தம். சின்னராசு தலையை உள்ளே விட்டான், வெளியே எடுத்தான், மறுபடியும் உள்ளே விட்டான்.

"என்னுங்க்கா, உள்ள வெயிலடிக்குது?"

"அடிக்கட்டும். வந்து பாத்தி கட்டித் தண்ணி உடு."

வியாழக்கிழமை காலை லோகநாதன் அரக்கும் பூட்டும் எடுத்துக்கொண்டு சீல் வைக்க வந்தார். உள்ளே நுழைந்தார், சாயங்காலம். கூரையைத் தாங்கின முட்டுக்கொம்பில் மாட்டியிருந்த தேதி காலண்டரைப் பார்த்தார், புதன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதிலும் புதன். காலண்டர் தாளைக் கிழித்துப் பார்க்கலாம் என்று இழுத்தார், இரும்புத் தகட்டைப் பிடித்து இழுப்பதுபோல அசையாமல் இருந்தது. வெளியே போனார், வியாழன். இப்படி உள்ளேயும் வெளியேயுமாக அலைந்துவிட்டு, வசந்தாமணி கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"உள்ள உங்களுக்கு இன்னும் கெடு இருக்குதுங்கம்மா. வெளிய கெடு முடிஞ்சுபோச்சு. ஆனா வெளிய இருக்கறது ரோடு. ரோட்டுக்கு நான் எப்படிங்க சீல் வெக்கறது?"

வசந்தாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேட்டது முன்ரூமுக்கு, கிடைத்தது கொள்ளை நேரம்! மனுஷ மனசு சும்மா இருக்குமா? இருக்கிற நேரத்தில் பூச்சு வேலையை முடித்துவிடலாம், மாடிப்படி ஒன்று போட்டுவிடலாம், மேலே ஒரு தண்ணித்தொட்டி, ஜன்னலுக்கு மேலே நல்ல சன்ஷேடு, வாசலில் ரெண்டு தூண், என்று ஆசை நாளுக்கு ஒன்றாக நீண்டது. சின்னராசுவும் ஆட்களும் காலையில் ரோட்டிலிருந்து நுழைந்து சாயங்கால வெயிலில் வேலை பார்த்து, சாயங்காலம் கிளம்பி இருட்டுக்குள் போனார்கள்.

தெரு இதைப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் பூக்காரம்மா மிச்சமான மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள், எத்தனை நாள் கழித்து எடுத்தாலும் மொட்டு விரியாமல் அப்படியே இருந்தது. அடுத்து பாலைக் கொண்டுவந்து வைத்தார்கள், மீனைக் கொண்டுவந்து வைத்தார்கள், வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு வெட்ட நேர்ந்துவிட்ட கிடாயை, அதை வளர்த்தவள் மனசு கேட்காமல் கொண்டுவந்து மனை மூலையில் கட்டிவிட்டுப் போனாள். மறுநாள் பரீட்சை இருக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தார்கள், மறுநாள் பொண்ணு பார்க்க வரப்போகிறார்கள் என்றால் முகம் வாடாமல் இருக்கப் பொண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள், லீவு முடிந்து மறுநாள் துபாய்க்குப் போகவேண்டியவன் பெட்டியோடு வந்து உட்கார்ந்து பெண்டாட்டியோடு பேசித் தீர்த்துவிட்டுப் போனான். சின்னப்பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். இருட்டிப்போச்சு, வீட்டுக்கு வா என்று கூப்பிட அங்கே எந்தத் தாய்க்கும் வாய் வரவில்லை. கூட்டுக்குப் போகிற காக்காய்கள் மனைக்கு நேர்மேலே வந்ததும் குழம்பிப்போய் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயின. ராத்திரியில் மெயின்ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, இருட்டின தெருவுக்கு நடுவில் ஒரு மனை மட்டும் மஞ்சளாக வெளிச்சம் தேங்கிக் கிடந்தது. லேஅவுட் சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசி, உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று மட்டும் ஒரு விதி போட்டார்கள். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

லோகநாதன்கூட வாராவாரம் வந்தார். சீல் சாமானை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுத்த கொம்புகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இங்க வந்தா நாளைக்குங்கற நெனப்பே இல்லீங்கம்மா" என்று பெருமூச்சு விட்டுக் காப்பி குடிப்பார்.

எதிர்வீட்டு ராசாமணி வந்தது அதற்கப்புறம். புருஷன் வேண்டாம் என்று எப்போதோ திரும்பி வந்து அப்பாவோடு இருக்கிறவள் அவள். அப்பா ஆறுச்சாமி கரண்ட் ஆபீஸில் கம்பம் ஏறியே தலை நரைத்தவர், நாலு பேர் பேசுவதை ஒரே ஆளாகப் பேசுவார். அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வேணுங்கறத ஆக்கிப் போடுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது?

"அக்கா, ஒரு கட்டல் போடற எடம் குடுங்க. நாளைக்கின்னு ஒண்ணு இல்லாத எடத்துல எங்கப்பன் இருக்கட்டும்."

முன்ரூமில், தொட்டில் கொக்கிக்கென்று விட்டிருந்த இடத்துக்கு நேர்கீழே வசந்தாமணியே கட்டிலைப் பிடித்துப் போட்டாள். ஆறுச்சாமி அங்கே வந்த நாளிலிருந்து கூடவும் இல்லை குறையவும் இல்லை, வந்தபோது எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். சின்னராசு பூசுவதைப் பார்த்து நொட்டை சொன்னார், கிடாய்க்கு இலை போட்டார், லோகநாதனோடு தாயம் ஆடினார். ராசாமணி வேலைக்குப் போய்விட்டு வந்து ரோட்டிலிருந்தே "அப்பா" என்று கூப்பிடுவாள், "ஓய்" என்று பதில் வந்தால்தான் அவள் முகத்தில் உயிர் வரும்.

வெளியே சித்திரை போனது, ஆடி போனது, தீபாவளிக்கு வெடி வெடித்து அதன் புகை மட்டும் மதில் தாண்டி உள்ளே வந்தது. உள்ளே அதே புதன்கிழமை, அதே வெயில்.

முதலில் மாவுதான் காட்டிக்கொடுத்தது. கொட்டாயில் ஆட்டி வைத்த மாவு பொங்கவே இல்லை. எத்தனை நேரம் வைத்தாலும் ஆட்டின கையோடு இருந்ததுபோல அப்படியே கிடந்தது. வசந்தாமணி சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ராசாமணி வீட்டில் ஒரு ராத்திரி வைத்து எடுத்து விற்றாள். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்துப் பூச்சு காட்டிக்கொடுத்தது, பூசின சாந்து சுவரில் பிடிக்காமல் வழிந்து வழிந்து தரைக்கே வந்தது. கடைசியில் ஒருநாள் சின்னராசு முட்டுப் பிரிக்கலாமா என்று பார்க்க மேலே ஏறி, கான்கிரீட்டில் ஒரு ஆணியை வைத்து அமுக்கினான். ஆணி முழுசாக உள்ளே போய்விட்டது. அவன் இறங்கி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"கூழாட்டம் இருக்குதுங்க்கா. நேத்துக் கொட்டுன மாதிரி."

"நேத்துக் கூட இல்ல, இன்னிக்குத்தானே கொட்டுனது" என்றார் கட்டிலிலிருந்து ஆறுச்சாமி.

வசந்தாமணி கொட்டாய்க்குப் போனாள். கவி எப்போதும்போல வாசலில் உட்கார்ந்திருந்தாள், எப்போதும்போல ஏழு மாதம். மாப்பிள்ளை வீட்டில் என்னென்னவோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். "எங்கூர்ல யானைகூட இத்தன நாள் சொமக்காது" என்று சம்பந்தியம்மா போனிலேயே சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழந்தை நல்லாத்தான் இருக்குது, ஆனா போன தடவை பாத்தபடியே இருக்குது, நீ சோறு திங்கறியா இல்லையா என்று திட்டியிருந்தாள். இதையெல்லாம் வசந்தாமணி வீட்டு வேலை மும்முரத்தில் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது மகள் வயிற்றில் கையை வைத்தாள்.

"அசையுதா?"

"இல்லீம்மா. தூங்குது. எனக்கு ஒரு கனவுகூட வர்றதில்ல. இங்க வந்ததிலிருந்து நானே தூங்குன மாதிரி இல்ல."

பொங்காத மாவைத் தொட்ட விரல் இப்போது பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வசந்தாமணி பயந்துபோனாள். அப்பட்டமான பயம். நேரம் வேண்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கி, அதை ஓடவிடாமல் கட்டிப்போட்டுவிட்டோமே, புளிக்கிறதும் இறுகுகிறதும் வளருகிறதும் ஓடுகிற நேரத்தில்தானே நடக்கும், மாவு விற்கிற எனக்கு இது தெரியாமப் போச்சே, என்று அவள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மண்டல அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

"சார், எனக்கு அந்த நாள் வேண்டாம். எடுத்துக்குங்க."

லோகநாதன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நேரம் குடுங்கன்னு கேக்கறவங்கள தெனமும் பாக்கறனுங்க. திருப்பிக் குடுக்க வந்தவங்க நீங்கதான் மொத ஆளு. அதுக்கு இங்க வழியே இல்லீங்கம்மா. நாங்க குடுத்திருந்தாத்தானே திருப்பி வாங்கறதுக்கு?" கைக்குட்டையைக் காலருக்குள் வைத்துக்கொண்டு, "அந்த நாள் போச்சுன்னா பூச்சு வேலை பண்ண முடியாதுங்க. படி, தொட்டி, ஒண்ணும் முடியாது. யோசிச்சுக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் முன்ரூமில் ஆறுச்சாமி கட்டிலில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தார். ராசாமணி அவருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி நிலைப்படியிலேயே நின்றாள். இவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஆனால் கிழவர் அவளைப் பார்த்து முந்திக்கொண்டார்.

"ஏனம்மணி, எத்தன நேரந்தான் இந்தச் சாயங்காலத்துலயே உக்காந்திருக்கறது? எப்பப் பாரு காப்பி குடிக்கற நேரமாவே இருக்குது. காப்பியே கசந்துபோச்சு. கொட்டாவி வருது, தூக்கம் வர மாட்டேங்குது. எனக்கு ஒரு ராத்திரி வேணும். நல்லா இருட்டா, கொசுவோட, ஒரு முழு ராத்திரி."

"அப்பா, சும்மா இருங்க" என்று ராசாமணி அதட்டினாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து வந்து வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களுக்கு இது ஊடு. எனக்கு அப்படியில்ல. இவரையும் உட்டா எனக்கு ஆருக்கா இருக்கறா?"

வசந்தாமணி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ரெண்டு பேரும் அப்படியே நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தார்கள். வெளியே அப்போதுதான் நிஜமாகவே சாயங்காலம். எதிர்வரிசையில் ஒரு வீட்டில் ஒருத்தி வாசல் தெளித்து மாடத்தில் விளக்கு வைத்தாள், வைத்துவிட்டு உள்ளே போனாள், அந்த வீட்டு வாசல் இருட்டிக்கொண்டது. அடுத்த வீட்டிலும் விளக்கு வைத்தார்கள், அங்கேயும் பொழுது இறங்கியது. வீடு வீடாக, விளக்கு வைக்க வைக்க, ராத்திரி தெருவில் நடந்து வந்து, வசந்தாமணியின் மதில் வரைக்கும் வந்து, உள்ளே விளக்கு இல்லாததால் வெளியிலேயே நின்றுகொண்டது. வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் வாசலில் நிறுத்தி வைத்ததுபோல இருந்தது அவளுக்கு. இத்தனை மாதமாக அந்த மனையில் யாரும் விளக்கு வைக்கவில்லை.

ராசாமணியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "வெக்காதீங்க்கா" என்றாள் மெதுவாக.

"என்ன மன்னிச்சுரு கண்ணு" என்றாள் வசந்தாமணி.

பால் காய்ச்சாத வீடு, பூச்சு இல்லாத சுவர், முட்டுக்கொம்புகளுக்கு நடுவே ஒரு செங்கல்லைக் கழுவி வைத்து, அதன்மேல் அகலை வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, திரி போட்டாள். தீக்குச்சியை உரசினாள். ராசாமணி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வெயில் எந்த வீட்டிலும் போவதுபோலப் போனது, நிழல்கள் நீண்டு ஒன்றோடு ஒன்று சேர்ந்தன, மனைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த காக்காய்கள் ஒரே நேராகக் கூட்டுக்குப் போயின, ஜன்னலில் தொங்கின மல்லிகை ஒட்டுமொத்தமாகப் பூத்து வீடெல்லாம் மணந்தது. கொட்டாயிலிருந்து கவி "அம்மா!" என்று கத்தினாள். வசந்தாமணி பதறி ஓடினால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அழுகிறாள். "ஒதைக்குதும்மா. இத்தன நாளைக்கும் சேத்து வெச்சு ஒதைக்குது."

ஆறுச்சாமி ஒரு கொட்டாவி விட்டார், சாய்ந்தார், தூங்கிப்போனார். அவர் விட்ட குறட்டை தெருக்கோடி வரைக்கும் கேட்டது. எந்த வீட்டிலும் யாரும் அதைக் குறை சொல்லவில்லை. ராசாமணி விடிய விடிய அவர் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் அவர் எழுந்து, "ஒரு காப்பி குடு. இப்பத்தான் குடிக்கற மாதிரி இருக்குது" என்றார். கொட்டாயில் மாவு பொங்கி, சட்டியைத் தாண்டி, தரையெல்லாம் வழிந்து கிடந்தது. வசந்தாமணி காலண்டரில் புதன்கிழமையைக் கிழித்தாள், சாதாரணத் தாள் கிழிவதுபோலக் கிழிந்தது.

காலையில் லோகநாதன் வந்தார். இந்தத் தடவை நாற்காலி போடவில்லை, காப்பி வேண்டாம் என்றார், சீல் சாமானைக் கையிலேயே வைத்திருந்தார். மேலே ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். கூரை மேல் பாத்தி கட்டியிருந்தது. புதுக்கான்கிரீட்டுக்கு நாளெல்லாம் தண்ணி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துப்போகும். கெடு முடிந்த வீட்டில் வேலை பார்க்கச் சின்னராசு ஆட்களைக் கூட்டி வரவில்லை. தெருதான் வந்திருந்தது. பூக்காரம்மா குடத்தோடு, கிடாயை வளர்த்தவள் வாளியோடு, பரீட்சை எழுதின பிள்ளைகள், பொண்ணு பார்த்து நிச்சயமான பொண்ணு, துபாய்க்காரன் பெண்டாட்டி, எல்லோரும் ஏணிக்கு வரிசை கட்டி நின்று தண்ணியைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த மனையில் நேரம் வாங்கித் தின்ற ஒருத்தர் பாக்கியில்லை. வரிசையின் நடுவில் ராசாமணியும் நின்றாள், யார் முகத்தையும் பார்க்காமல், வந்த குடத்தை வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்துக்கொண்டு.

லோகநாதன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இறங்கினார்.

"கலவை போடறது கட்டடம். கம்பி கட்டறது கட்டடம். தண்ணி ஊத்தறது எந்த ரூல்லயும் கட்டடம் இல்லீங்கம்மா" என்றார். "முட்டுப் பிரிக்கறது கழட்டற வேலை, அதுவும் கட்டடம் இல்ல. கூர கெடுவுக்குள்ள போட்டாச்சு. முன்ரூமு உங்களுது. ஆனா பூசக் கூடாதுங்க. படி போடக் கூடாது."

"பூசாட்டிப் போகுதுங்க சார்" என்றாள் வசந்தாமணி.

கூரை இறுகியது. சின்னராசு முட்டைப் பிரித்துவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான், கோயில் மணி அடித்ததுபோலக் கேட்டது. தன் வீட்டுக்கே திரும்பிவிட்ட ஆறுச்சாமி அந்தச் சத்தத்தை எதிர்வீட்டுக் கட்டிலிலிருந்து கேட்டு, "ம், பரவால்ல" என்றார். அதற்கப்புறம் சில ராத்திரிகள் நன்றாகத் தூங்கினார், ஒரு விடியக்காலையில் எழுந்திருக்கவில்லை. தெருவே போய் நின்றது. வசந்தாமணியும் போனாள், ராசாமணி அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கருமாதி முடிந்தும் பேசவில்லை. மாவு வாங்கக்கூட மெயின்ரோட்டுக் கடைக்குப் போனாள். வசந்தாமணி கதவிடுக்கில் அதைப் பார்ப்பாள், திரும்பி உள்ளே வந்துவிடுவாள்.

மாசம் நிறைந்து கவிக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, பால் காய்ச்சி, முன்ரூமில் தொட்டில் கட்டினார்கள். பூசாத செங்கல் சுவர், ஆனால் சொந்தச் சுவர். குழந்தை கூரையைப் பார்த்துக் கண் முழித்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் தீப்பெட்டியோடு மாடத்துக்கு முன்னால் நின்றபோது வாசலில் ராசாமணி நின்றுகொண்டிருந்தாள். மேற்கே பொழுது, அந்தப் புதன்கிழமை நின்ற அதே உயரத்தில் இருந்தது.

"அன்னிக்கு நீங்க வெக்காம இருந்திருந்தா எங்கப்பன் இன்னும் அந்தக் கட்டல்ல உக்காந்துட்டு, நாங் கூப்பிட்டா ஓய்ம்பாரு" என்றாள்.

"ஆமா" என்றாள் வசந்தாமணி. கையிலிருந்த குச்சியை உரசவும் மனசு வரவில்லை, பெட்டிக்குள் வைக்கவும் மனசு வரவில்லை. "உள்ள வா கண்ணு."

ராசாமணி படி ஏறி வந்தாள். தன் அப்பா கிடந்த இடத்துக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருந்த தொட்டிலைப் பார்த்தாள். குழந்தை முஷ்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பொழுது மேற்கே நின்ற ஒரு பனைமரத்துக்குப் பின்னால் இறங்கலாமா வேண்டாமா என்று காத்துக்கொண்டிருந்தது, தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் விளக்கு வைத்தாயிற்று. அப்புறம் அவள் வசந்தாமணியின் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினாள்.

"பொழுது போகட்டும்க்கா" என்றாள். "புள்ள பெருசாகோணுமில்ல."

குச்சியை உரசி, விளக்கை அவளே ஏற்றினாள்.